ஷான்ஸியிலிருந்து மதுரைக்கு – 4: போக்கிடம் இல்லாத பணம்

சென்ற வாரம் கதையை சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் நிறுத்தியிருந்தோம். 1901 செப்டம்பர். படிக்க வந்த இரண்டு சீன இளைஞர்கள் கப்பலை விட்டு இறங்கக் காத்து நிற்கிறார்கள். ஒருவர் குங் சியாங்ஷி, இன்னொருவர் ஃபெய் சீஹாவ். அழைத்து வந்தவர் லூயெல்லா மைனர் என்ற அமெரிக்க ஆசிரியை. கையில் உள்ள சான்றிதழ், சீனப் பேரரசில் அன்று பெரிய அமைச்சராக இருந்த லி ஹோங்சாங் கொடுத்தது. அதிகாரிகள் வாங்கிப் பார்த்தார்கள். செல்லாது என்றார்கள்.

சீனத் தொழிலாளிகள் உள்ளே வரக் கூடாது என்று 1882இல் அமெரிக்கா போட்ட சட்டம் மாணவர்களைத் தடுக்கவில்லை. ஆனால் மாணவன் என்பதற்கான சான்றை இன்னார், இன்ன முறையில் எழுதித் தர வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. இவர்கள் கொண்டுவந்தது அந்த முறையில் இல்லை. அவ்வளவுதான் குற்றம். இருவரையும் காவலில் வைத்தார்கள். மைனர் அம்மையார் கதவு கதவாகத் தட்டினார். மாதங்கள் ஓடின. ஓஹையோ மாநிலத்து ஓபர்லின் கல்லூரியில் அவர்கள் காலடி வைத்தபோது 1903 ஜனவரி ஆகிவிட்டது.

அவர்கள் யார் என்பதை நினைத்தால்தான் இந்த அவமானத்தின் பாரம் புரியும். 1900 கோடையில் வட சீனம் முழுக்க, அந்நியரையும் கிறிஸ்தவர்களையும் எதிர்த்துக் கிளம்பிய பாக்ஸர் கலகம் எரிந்தது. ஷான்ஸி மாகாணத்துத் தாய்கு நகரில் ஜூலை 31ஆம் தேதி ஆறு அமெரிக்க மிஷனரிகளும், அவர்களோடு இருந்த சீனக் கிறிஸ்தவர்களும் கொல்லப்பட்டார்கள். பக்கத்து ஃபென்சோவில் இருந்தவர்களைப் பத்திரமாக அனுப்பிவைக்கிறோம் என்று வண்டியேற்றி, ஆகஸ்ட் 15இல் வழியிலேயே வெட்டினார்கள். அந்தக் கூட்டத்தோடு போன ஃபெய் கடைசி நேரத்தில் உயிர் பிழைத்து, தியான்ஜின் வரை போய்ச் சேர்ந்து, நடந்ததை வெளியே சொன்னார். தாய்குவில் தன் ஆசிரியர்களைப் பறிகொடுத்தவர் குங். இறந்த அமெரிக்கர்களின் நாட்டுக்கு, அவர்கள் வேலையைத் தொடர்வதற்காகப் படிக்கப் போன பிள்ளைகளைத்தான் அந்த நாட்டின் வாசலில் நிறுத்திக் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். மைனர் இவர்கள் கதையை 1903இல் புத்தகமாகவே எழுதி வெளியிட்டார்.

அதே 1903இல் ஓபர்லினில் கல்லால் ஒரு நினைவு வளைவு எழும்பியது. சீனத்தில் இறந்த அமெரிக்கர்களின் பெயர்களை அதில் பொறித்தார்கள். அவர்களோடு இறந்த சீனர்களின் நினைவாக அங்கே ஒரு தகடு வைக்க 1990கள் வரை ஆயிற்று. ஓபர்லினுக்கும் தாய்குவுக்கும் நடுவே மாணவர்கள் போய்வரும் பாதையை வெட்ட வேண்டியிருந்தது இப்படிப்பட்ட மண்ணில்தான். முதல் மண்வெட்டியைப் பிடித்தவர் குங்.

*

தொடரைப் புதிதாகப் படிக்க ஆரம்பிப்பவர்களுக்காகச் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் இருக்கும் அவனியாபுரத்தை வெளியூர்க்காரர்களுக்குத் தைப்பொங்கல் அன்று வாடிவாசல் திறக்கும் ஊராகத் தெரியும்; அது தவிர்த்தால், மதுரை விமான நிலையத்துக்குப் போகிற வழியாகத் தெரியும். எங்கள் ஊருக்கு மேற்கே திருப்பரங்குன்றம் மலை. அதற்கு வடக்கே, திருமங்கலம் சாலையை ஒட்டி, பசுமலை. ஓபர்லினுக்கும் தாய்குவுக்கும் நடக்கும் இந்தக் கதை அந்தப் பசுமலை வழியாகத்தான் மதுரைக்குள் வரப்போகிறது.

ஓபர்லின்காரர்களை ஷான்ஸிக்கு அனுப்பிய சங்கமும், பசுமலையில் பள்ளி வைத்த சங்கமும் ஒன்றே. பாஸ்டனில் இருந்த அமெரிக்கன் போர்டு அது. 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, 1823இல் வட்டுக்கோட்டை செமினரியைத் தொடங்கி, 1834இல் கடல் தாண்டி மதுரைக்கு வந்தவர்கள். மதுரைக்கு முதலில் வந்தவர்களே யாழ்ப்பாணத்தில் தமிழர் நடுவே இருந்துவிட்டு வந்தவர்கள்தான். 1842இல் திருமங்கலத்தில் தொடங்கிய அவர்களுடைய செமினரி 1845இல் பசுமலைக்கு மாறியது. ஜார்ஜ் வாஷ்பர்ன் பொறுப்பில் இருந்தபோது, 1881இல், அது கல்லூரியாக உயர்ந்தது.

1881 என்ற ஆண்டைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். யுங் விங்கைப் பற்றி இரண்டாம் வாரம் விரிவாகப் பார்த்தோம். 1854இல் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய முதல் சீனர். தான் பெற்ற படிப்பைத் தன் நாட்டுப் பிள்ளைகளும் பெற வேண்டும் என்று சீன அரசிடம் பல வருஷம் மன்றாடி, 1872 முதல் 120 சிறுவர்களை அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதிக்கு அழைத்துப் போனவர். அங்கே குடும்பங்களின் வீடுகளில் தங்கிப் படித்த அந்தப் பிள்ளைகளை, பெரும்பாலோர் படிப்பு முடியும் முன்பே, சீன அரசு திரும்ப அழைத்துக்கொண்டது. அதுவும் 1881தான். ஷான்ஸிக்குப் போகத் துடித்த ஓபர்லின் இறையியல் மாணவர்கள் ஒரு குழுவாகத் திரண்டதும் அதே 1881. ஒரே ஆண்டில் ஒரு பாதை அடைபட்டது, இரண்டு பாதைகள் திறந்தன. அந்த இரண்டும் எழுபது ஆண்டு கழித்து ஒன்றாகும் என்று அன்றைக்கு எவருக்குத் தெரியும்?

*

குங் 1906இல் ஓபர்லினில் பட்டம் வாங்கினார். மறு ஆண்டு யேலில் முதுகலை. அமெரிக்காவிலேயே தங்கி வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவர் தாய்குவுக்குத் திரும்பினார்.

தாய்கு நம் காரைக்குடி, தேவகோட்டை மாதிரி ஊர் என்று வைத்துக்கொள்ளலாம். வெளியே வறண்ட பூமி. உள்ளே பெரிய பெரிய வீடுகள். ஊர் ஊராகக் கிளை வைத்து, உண்டியல் எழுதிப் பணம் அனுப்பும் வட்டிக்கடைகள் நடத்திய குடும்பங்கள். குங் அப்படியொரு வணிகக் குடும்பத்துப் பிள்ளை, கன்பூசியஸ் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொண்ட குடும்பம். வீட்டுத் தொழிலில் உட்காராமல், 1907இல் அவர் ஒரு பள்ளியை எடுத்து நடத்தத் தொடங்கினார். மிங் ஷியென் என்று பெயர். 1900இல் மாண்டவர்களின் நினைவு அந்தப் பெயரிலேயே இருந்தது.

வெளிநாட்டு மிஷனரி ஒருவர் சீனத்தில் பள்ளி வைப்பது அன்று புதிதல்ல. வெளிநாட்டில் படித்த சீனர் ஒருவர், கலகம் நடந்த அதே ஊரில், அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் துணையோடு, தானே தலைமை ஏற்று நடத்துவது புதிது. அடுத்த ஆண்டே, 1908இல், ஓபர்லினில் ஷான்ஸி நினைவுச் சங்கம் அமைந்தது. பள்ளிக்குப் பணம் திரட்டுவது அதன் வேலை. வகுப்பு எப்படி நடக்க வேண்டும் என்று முடிவெடுப்பவர்கள் தாய்குவில் இருந்தார்கள்.

1918இல் அந்தச் சங்கம் செய்த ஏற்பாடுதான் இந்தத் தொடரின் உயிர் என்பேன். பட்டம் வாங்கிய கையோடு ஓர் ஓபர்லின் இளைஞரைத் தேர்ந்தெடுத்து தாய்குவுக்கு அனுப்பினார்கள். மத போதகராக அல்ல. ஓபர்லின் மாணவர்களின் பிரதிநிதியாக. அங்கே ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வேண்டும். மாணவர்களோடு வளாகத்திலேயே இருக்க வேண்டும். அவர்கள் மொழியைக் கற்க வேண்டும். பிறகு ஊர் திரும்பி, பார்த்ததை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒருவர் திரும்பினால் இன்னொருவர் போவார். பெரிய கட்டடமோ பெரிய பதவியோ இல்லை. இருபத்திரண்டு வயதுப் பையனோ பெண்ணோ, தனக்குத் தெரியாத ஓர் ஊரில், தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ள முடியாமல் வாழ வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. சொல்லிக்கொடுக்கப் போனவர்கள் கற்றுக்கொண்டு வந்தார்கள். இந்த முறை ஊர் மாற்றி நட்டாலும் வேர் பிடிக்கும் முறையாக இருந்தது. அதனால்தான் பின்னால் மதுரையில் அது அவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொண்டது.

குங்கைப் பற்றி ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் 1914இல் மணந்த சூங் அய்லிங், பிரபலமான சூங் சகோதரிகளில் மூத்தவர். ஒரு தங்கை சீனக் குடியரசின் முதல் தலைவர் சுன் யாட்சென்னின் மனைவி, இன்னொரு தங்கை பின்னாளில் நாட்டை ஆண்ட சியாங் கை ஷேக்கின் மனைவி. 1933 முதல் 1944 வரை குங் சீனத்தின் நிதி அமைச்சர். நாடு பட்டினி கிடந்தபோது அந்தக் குடும்பம் செல்வம் சேர்த்தது என்ற பழி அவரை விட்டு நீங்கவே இல்லை. அந்தப் பழியை நான் துடைக்கப் போவதில்லை. தாய்குவில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் நடத்திய இளைஞரையும், பிற்காலத்து அமைச்சரையும் தனித்தனியே எடைபோட வேண்டும் என்பது என் எண்ணம். அவர் செய்தவற்றில் நிலைத்தது பள்ளிதான்.

*

பணம் எங்கிருந்து வந்தது?

சார்லஸ் மார்ட்டின் ஹால் ஓபர்லினில் 1885இல் பட்டம் பெற்றவர். மறு ஆண்டு பிப்ரவரியில், வீட்டுக் கொட்டகையில் வைத்திருந்த சோதனைக்கூடத்தில், மின்சாரத்தைப் பாய்ச்சி அலுமினியத்தைப் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அதற்கு முன்பு அலுமினியம் அரிய, விலையுயர்ந்த உலோகம். வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் 1884இல் பெருமையாக வைத்தார்களே, அது அலுமினியம்தான். ஹாலின் முறையால் விலை சரிந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்குள் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்ய ஆரம்பித்துவிட்டார். நம் பாட்டிமார் சோறு வடித்த பாத்திரத்தின் பூர்வீகம் அது.

ஹாலுக்குக் கல்யாணம் ஆகவில்லை. 1914இல் இறந்தபோது உயிலில் பெருஞ்செல்வத்தைப் பிரித்து எழுதியிருந்தார். மூன்றில் ஒரு பங்கு ஓபர்லினுக்கு. இன்னொரு மூன்றில் ஒரு பங்கு ஆசியாவிலும் பால்கன் நாடுகளிலும் கல்விக்கு. இந்த இரண்டாவது பங்கிலிருந்துதான் ஷான்ஸி சங்கத்துக்கு நிலையான மூலதனம் கிடைத்தது. ஆண்டுதோறும் உண்டியல் ஏந்தி நின்ற சங்கம், வட்டியில் பள்ளி நடத்தும் நிலைக்கு உயர்ந்தது. இந்த மூலதனத்தை மறக்காதீர்கள். இந்த அத்தியாயத்தின் முடிச்சு அதில்தான் விழப்போகிறது.

1937இல் ஜப்பானியப் படை வட சீனத்துக்குள் புகுந்தது. மிங் ஷியென் பள்ளி மூட்டை கட்டியது. ஆசிரியர்களும் மாணவர்களும் தெற்கும் மேற்குமாக ஊர் ஊராக நகர்ந்து, 1939இல் சிச்சுவான் மாகாணத்து ஜின்டாங்கில் போய் நின்றார்கள். தாய்கு எங்கே, சிச்சுவான் எங்கே! நடந்தும், கிடைத்த வண்டியில் ஏறியும் ஒரு பள்ளிக்கூடமே இடம்பெயர்ந்தது. போனவர்கள் சும்மா உயிரைக் காப்பாற்றிக்கொண்டு உட்காரவில்லை. போர் நடந்துகொண்டிருந்த 1940களிலேயே பள்ளி கல்லூரியாக உயர்ந்தது. அங்கேயும் ஓபர்லின் இளைஞர்கள் இருந்தார்கள்.

போர் முடிந்து தாய்குவுக்குத் திரும்பலாம் என்று பார்த்தால், உள்நாட்டுப் போர். 1949இல் மாவோவின் ஆட்சி. கல்லூரி தாய்குவுக்கு ஒருவழியாகத் திரும்பியது, ஆனால் ஓபர்லினோடு அதற்கிருந்த உறவு எத்தனை நாள் தாங்கும் என்று யாருக்கும் உறுதி இல்லை. 1950 இறுதியில் சீனப் படை கொரியாவுக்குள் இறங்கி அமெரிக்கப் படையோடு மோதியது. டிசம்பரில் அமெரிக்க அரசு சீனத்தின் சொத்துகளை முடக்கியது. சீனத்துக்குப் பணம் அனுப்பும் வழி அடைபட்டது. 1951இல் சீன அரசு மிங் ஷியென் கல்லூரியைத் தன் கையில் எடுத்தது. அது ஷான்ஸி வேளாண்மைக் கல்லூரி ஆயிற்று.

நாற்பத்து நான்கு ஆண்டு உறவு. அனுப்ப இளைஞர்கள் இருக்கிறார்கள். வட்டி வந்துகொண்டே இருக்கிறது. போய்ச் சேரப் பள்ளி இல்லை. சங்கத்தின் பெயரிலேயே ஷான்ஸி இருக்கிறது, ஷான்ஸிக்குள் நுழைய முடியாது. சங்கத்தைக் கலைத்துவிடலாமா? பணத்தை வேறு தர்மத்துக்கு மாற்றிவிடலாமா? சீனம் திறக்கும் வரை காத்திருக்கலாமா? ஓபர்லினில் கூடிய சங்கத்தின் அறங்காவலர்களின் இடத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். கலைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

அவர்கள் கலைக்கவில்லை. பாதையை ஆசியாவின் வேறு ஊர்களுக்குத் திருப்பலாம் என்று முடிவெடுத்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த ஊர்களில் ஒன்று மதுரை.

*

ஏன் மதுரை? பாஸ்டன் சங்கத்தின் பழைய உறவு முக்கியக் காரணமாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. ஆனால் மதுரையும் அப்போது தயாராக இருந்தது. பசுமலையில் இருந்த கல்லூரியை வில்லியம் சும்ப்ரோ 1909இல் வைகைக்கு வடக்கே தல்லாகுளத்துக்குக் கொண்டுவந்து நிலைநாட்டியிருந்தார். அதுதான் இன்றைய அமெரிக்கன் கல்லூரி. செங்கல் சிவப்பில் இன்றும் நிமிர்ந்து நிற்கும் மெயின் ஹால் கட்டடத்துக்கு வரைபடம் போட்டவர், சென்னையில் பல அரசுக் கட்டடங்களைக் கட்டிய ஹென்றி இர்வின். பெண்களுக்கு மதுரையில் கல்லூரி இல்லாத குறையை, பல்லாண்டு இங்கே பெண்கல்விக்கு உழைத்திருந்த கேட்டி வில்காக்ஸ் 1948இல் தீர்த்தார். மதுரை மில் நிர்வாகத்தில் இருந்த சர் ஜேம்ஸ் டோக் குடும்பத்தின் கொடையால் லேடி டோக் கல்லூரி பிறந்தது. சுதந்திரம் வந்து ஓராண்டுக்குள் திறந்த கல்லூரி. இன்று எங்கள் அவனியாபுரத்துப் பிள்ளைகள் காலையில் டவுன் பஸ் பிடித்து, வைகையைத் தாண்டி இந்த இரண்டு கல்லூரிகளுக்கும் போகிறார்கள். அவர்கள் நடக்கும் அந்த வளாகங்களில் சீனத்து ஷான்ஸி என்ற பெயர் எத்தனை ஆண்டு புழங்கியது என்பதை அவர்களிடம் யாராவது சொல்லியிருப்பார்களா?

இந்தியா அப்போது புதிய நாடு. தன் சட்டத்தைத் தானே எழுதி முடித்த நாடு. வெள்ளைக்காரர் சொன்னால் கேட்க வேண்டும் என்ற காலம் போய்விட்டது. அந்த நேரத்தில் அமெரிக்காவிலிருந்து ஓர் இளைஞர் வந்து கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதென்றால், அவரை மாணவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்? சீனத்தில் முப்பது ஆண்டு பழகிய முறை இங்கே எடுபடுமா? இன்னொரு கேள்வியும் இருந்தது. இது இந்தத் தொடர் முழுக்க என்னைத் துளைப்பது. ஓபர்லினிலிருந்து மதுரைக்கு வருவார்கள், சரி. மதுரையிலிருந்து ஓபர்லினுக்கு யார் போவார்கள்? ஒருபக்கம் மட்டும் ஆள் வருவதைப் பரிமாற்றம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இதற்கு மதுரைக் கல்லூரி ஆசிரியர்கள் சொன்ன பதிலைப் பின்னால் பார்க்கப் போகிறோம்.

1951. ஓபர்லினில் அந்த ஆண்டு பட்டம் பெற்றவர்களில் ஜோசப் எல்டர் ஒருவர். வயது இருபத்தொன்று. மிஷனரிப் பெற்றோருக்கு ஈரானில் பிறந்த பிள்ளை. மூன்று நான்கு ஆண்டு முன்பு பட்டம் வாங்கியிருந்தால் அவரைச் சீனத்துக்கு அனுப்பியிருப்பார்கள். சீனம் பூட்டிக் கிடந்ததால் மதுரைக்கு அனுப்பினார்கள். ஷான்ஸி சங்கத்தின் பிரதிநிதியாக மதுரையில் கால் வைத்த முதல் சிலரில் அவர் ஒருவர். 1953 வரை அமெரிக்கன் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தார்.

இரண்டே ஆண்டு. பிறகு ஊர் திரும்பி, ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்று, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியர் ஆனார். அமெரிக்க மாணவர்களை ஓராண்டு இந்தியாவில் தங்கிப் படிக்க வைக்கும் திட்டத்தைப் பல பத்தாண்டுகள் நடத்தினார். அதில் மதுரைக்கும் ஓர் இடம் இருந்தது. இதுவரை சொன்னது ஒரு நல்ல ஆசிரியரின் வாழ்க்கை.

ஆனால் 1966 தொடக்கத்தில், இந்தியாவும் பாகிஸ்தானும் போரிட்டு ஓய்ந்திருந்த நேரத்தில், இரு நாட்டுத் தலைவர்களையும் மாறி மாறிச் சந்தித்த, போரை எதிர்க்கும் கிறிஸ்தவப் பிரிவான குவேக்கர்களின் சிறிய குழு ஒன்றில் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் இந்த எல்டர். 1980களில் இலங்கை எரிந்தபோது, கொழும்பு அரசுக்கும் தமிழ்ப் போராளிகளுக்கும் நடுவே சத்தமில்லாமல் செய்தி கொண்டுபோனவர்களிலும் அவர் இருந்தார். ஆயுதம் ஏந்திய இரண்டு தரப்பும் கதவைத் திறந்து உட்கார வைத்துப் பேசும் அளவுக்கு, மதுரையில் பாடம் நடத்திய ஒரு வாத்தியாரை எப்படி நம்பினார்கள்? யார் அவரை உள்ளே அழைத்துப் போனார்கள்?

அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)